சாருகேசியைத் திரையில் கேட்டவர்கள்

1960களிலும் 70களிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ராகங்கள் அறிமுகமானது சினிமாப் பாட்டில்தான். கச்சேரி சபாக்கள் நகரங்களில் இருந்தன. பாட்டு வாத்தியார் வந்து சொல்லிக்கொடுக்கும் வீடு ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். மற்றவர் காதில் விழுந்தவை வானொலி, கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி, டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுக்கும் நேரத்தில் போடும் இசைத்தட்டு, திருவிழா நாதஸ்வரம் ஆகியவைதான். ராகத்தின் பெயர் தெரியவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் சாயல் மனத்தில் பதிந்துவிட்டது. பெயர் பிறகு வந்து சேர்ந்தது.

அவர்களுக்கு முந்திய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழ் சினிமா பேசத் தொடங்கியபோது, நாடக மேடையில் பாடியவர்களே திரைக்கும் வந்தார்கள். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த கீர்த்தனையின் மெட்டில் புதிய சொற்களைப் பொருத்துவது அப்போது வழக்கம். அதற்கு வர்ணமெட்டு என்று பெயர். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, கே.பி. சுந்தராம்பாள், தண்டபாணி தேசிகர், எம்.எஸ். சுப்புலட்சுமி, ஜி.என். பாலசுப்பிரமணியம் எனப் பாடத் தெரிந்தவர்கள் நடித்த காலம் அது. அன்றைய ரசிகருக்குச் சினிமாப் பாட்டும் கச்சேரிப் பாட்டும் ஒரே தெருவின் இரண்டு வீடுகள். பின்னணி பாடுவது வழக்கமாகி, வாத்தியக் குழு பெரிதாகி, மெல்லிசை மேலெழுந்தபோது பாட்டுப் புத்தகத்திலிருந்து ராகப் பெயர் மறைந்தது. ராகம் மறையவில்லை. அதைக் கேட்டே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

அதற்கு வழி செய்தது வானொலி. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைப் பெரிதும் ஒதுக்கிவிட்டுச் சாஸ்திரிய இசைக்கு முதலிடம் தந்தார். சினிமாப் பாட்டு வேண்டியவர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கிய பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. பல வீடுகளில் காலையில் சென்னை, திருச்சி நிலையங்களின் கர்நாடக இசையும் அதையடுத்து இலங்கையின் சினிமாப் பாட்டுகளும் ஒரே பெட்டியில் ஒலித்தன. அறிவிப்பாளர் படத்தின் பெயர், இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர் எல்லாரையும் சொல்வார். ராகத்தைச் சொல்லமாட்டார். ஆனாலும் காலையில் யாரோ ஒரு வித்வான் இழுத்த பிடியும் சற்றுப் பொறுத்து வந்த காதல் பாட்டின் தொடக்கமும் ஒன்றுபோல் இருப்பது காதுக்குத் தட்டுப்பட்டது. ராக ரசனை இந்த இடத்தில்தான் தொடங்கியது: ஒரு பாட்டைக் கேட்கும்போது வேறொரு பாட்டு நினைவுக்கு வருவது.

அப்படி நினைவுக்கு வந்த பாட்டுகளில் சாருகேசி ராகத்தில் அமைந்தவை தனி வரிசை. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பாபநாசம் சிவன் எழுதி, ஜி. ராமநாதன் இசையில் பாகவதர் பாடிய ‘மன்மத லீலை’ சாருகேசி. அதே ராமநாதன் 1956இல் ‘மதுரை வீர’னில் எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் ‘ஆடல் காணீரோ’வையும், 1958இல் ‘சாரங்கதரா’வில் டி.எம். சௌந்தரராஜனின் குரலில் ‘வசந்த முல்லை’யையும் இதே ராகத்தில் அமைத்தார். முதல் பாட்டு சிருங்கார விளையாட்டு, இரண்டாவது நாட்டியத்துக்குரிய பதம், மூன்றாவது துள்ளி ஓடும் காதல். மூன்றின் காலப்பிரமாணமும் வேறு, பாடியவரின் சுருதியும் வேறு. அப்படியிருந்தும் ஒன்றை முணுமுணுக்கும் வாய் தன்னை அறியாமல் மற்றொன்றுக்குள் நழுவிவிடும். இரண்டும் ஒரே ராகமாக இருக்குமோ என்ற சந்தேகம் கேட்பவருக்கு அந்த நழுவலில்தான் எழுந்தது. விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டு உறுதி செய்துகொள்வது அடுத்த படி. உள்ளூர் நாதஸ்வரக்காரர், பள்ளிக்கூடப் பாட்டு டீச்சர், பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஆகியோரே பெரும்பாலும் அந்த விவரம் தெரிந்தவர்கள்.

சாருகேசி 72 மேளகர்த்தா ராகங்களில் 26ஆவது. கடபயாதி முறைப்படி ‘சா’வுக்கு 6, ‘ரு’வுக்கு 2, இரண்டையும் திருப்பிப் போட்டால் 26. அதன் கீழ்ப்பாதியில் சங்கராபரணத்தின் ரிஷபம், காந்தாரம், மத்யமம் இருக்கின்றன. பஞ்சமத்துக்கு மேலே போனால் தோடிக்குரிய சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் வந்துவிடுகின்றன. கீழே தெளிவு, மேலே உருக்கம். பல்லவி கீழ் ஸ்வரங்களில் சிரித்துக்கொண்டே தொடங்கி, சரணத்தில் மேலே ஏறியதும் ஏக்கமாக மாறுவதற்கு இந்த அமைப்பே இடம் தருகிறது. ஒரே பாட்டுக்குள் இரண்டு உணர்ச்சி கேட்கும் திரைப்படக் காட்சிக்கு இதைவிடத் தோதான ராகம் அமைவது அரிது. கச்சேரி மேடையில் இந்த ராகத்துக்குத் தியாகராஜரின் ‘ஆட மோடி கலதே’, சுவாதித் திருநாளின் ‘க்ருபய பாலய’, லால்குடி ஜெயராமனின் வர்ணம் ஆகியவை உண்டு. ஆனால் பொதுமக்களிடம் சாருகேசியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பாகவதரின் பாட்டுக்கே பெரும்பங்கு என்று ரசிகர்கள் சொல்வதுண்டு.

வரிசை அதோடு நிற்கவில்லை. 1984இல் ‘தம்பிக்கு எந்த ஊரு’ படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘காதலின் தீபம் ஒன்று’ வந்தபோது, பாகவதர் காலத்துத் தாத்தாவும் இளையராஜா காலத்துப் பேரனும் ஒரே ராகத்தை இருவேறு பாட்டுகளில் வைத்திருந்தார்கள். ராமநாதனின் மெட்டில் கச்சேரிச் சங்கதிகள் வெளிப்படையாகத் தெரியும். இளையராஜாவின் மெட்டில் குரல் ராகத்துக்குள் இழைந்து செல்ல, வயலின்களும் கிதாரும் பாஸும் மேற்கத்திய முறையில் வேறு இழைகளைப் பின்னுகின்றன. நாற்பது ஆண்டு இடைவெளியில் வாத்தியம், தாளக்கட்டு, குரல் உற்பத்தி எல்லாம் மாறின. பஞ்சமத்திலிருந்து தைவதத்தைத் தொட்டு இறங்கும் அந்த நெகிழ்ச்சி மாறவில்லை. வடக்கேயும் சாருகேசி போனது. தெற்கிலிருந்து இந்துஸ்தானி இசைக்குச் சென்ற ராகம் அது. 1970இல் வெளியான ‘தஸ்தக்’ படத்துக்காக மதன்மோகன் அதில் அமைத்த பாட்டை லதா மங்கேஷ்கர் பாடினார். அந்தப் படத்தின் இசைக்கு மதன்மோகன் தேசிய விருது பெற்றார்.

ஒற்றுமையைக் கண்டுகொண்ட காது அடுத்துக் கற்றது வேற்றுமையை. ச, க, ம, த, நி என்ற ஐந்து ஸ்வரங்களால் ஆனது ஹிந்தோளம். 1983இல் வந்த ‘சலங்கை ஒலி’யின் ‘ஓம் நமசிவாய’வும், 1986இல் வந்த ‘தர்மபத்தினி’யின் ‘நான் தேடும் செவ்வந்திப் பூவிது’வும் இந்த ராகம். ஹிந்தோளத்தின் கைசிகி நிஷாதத்தை எடுத்துவிட்டுக் காகலி நிஷாதத்தை வைத்தால் சந்திரகௌன்ஸ் ஆகிவிடும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் எஸ். ஜானகி பாடிய ‘அழகு மலராட’ அதற்கு உதாரணம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு மாறியது ஒரே ஒரு ஸ்வரம் என்பது முதலில் தெரியாது. இரண்டாவதில் ஏதோ ஒரு தவிப்பு கூடுதலாக இருப்பது மட்டும் தெரியும். மேல் ஷட்ஜத்துக்கு மிக அருகில் நின்று அதை எட்டத் துடிக்கும் காகலி நிஷாதமே அந்தத் தவிப்புக்குக் காரணம். கல்யாணியும் அமிர்தவர்ஷிணியும் இப்படி ஒரு ஜோடி. ‘அம்பிகாபதி’யின் ‘சிந்தனை செய் மனமே’, ‘திருவருட்செல்வ’ரின் ‘மன்னவன் வந்தானடி’, ‘தாய் மூகாம்பிகை’யின் ‘ஜனனி ஜனனி’ ஆகியவை கல்யாணி. அதிலிருந்து ரிஷபத்தையும் தைவதத்தையும் நீக்கினால் மிஞ்சுவது அமிர்தவர்ஷிணி. 1988இல் ‘அக்னி நட்சத்திர’த்தில் வந்த ‘தூங்காத விழிகள்’ அதில் அமைந்தது. எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் இந்த ராகத்தைப் பாடி மழை பெய்வித்ததாகச் சொல்லப்படும் கதையைப் பலர் அறிந்ததும் இந்தப் பாட்டைப் பற்றிய பேச்சின்போதுதான்.

ஸ்வரங்களை எண்ணுவது எல்லா ராகத்துக்கும் போதாது என்பதை உணர்த்தியது ரீதிகௌளை. அதன் ஆரோகணம் நேராக ஏறாது. காந்தாரத்துக்குப் போய் ரிஷபத்துக்குத் திரும்பும், நிஷாதத்தைத் தொட்டுத் தைவதம், மத்யமம் என்று இறங்கி மறுபடி நிஷாதத்துக்கு ஏறும். தெருக்கோடியில் முதுகைக் காட்டிப் போகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவதுபோல, இந்த ராகத்தை அதன் வளைவுகளை வைத்துத்தான் சொல்ல முடியும். சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னு வினா’ கச்சேரிகளில் இதற்குப் புகழ்பெற்ற உருப்படி. 1977இல் ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா இசையில் எம். பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக்கண்ணன் அழைக்கிறான்’ இதை வானொலி வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனது. 1983இல் ‘ஒரு ஓடை நதியாகிறது’, 1999இல் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த ‘முதல்வன்’, 2008இல் ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்த ‘சுப்பிரமணியபுரம்’ என ரீதிகௌளை மீண்டும் மீண்டும் வந்தது. ‘அழகான ராட்சசியே’வின் நாட்டுப்புறச் சாயலும் ‘கண்கள் இரண்டா’லின் அமைதியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. வளைவு ஒன்றுதான்.

சில படங்கள் ராகத்தையே பாட்டின் பொருளாக்கி, கேட்பவருக்குப் பாடமும் நடத்தின. 1965இல் வந்த ‘திருவிளையாட’லில் கே.வி. மகாதேவன் இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’ மாண்டு ராகத்தில் தொடங்குகிறது. பிறகு தோடி, தர்பார், மோகனம், கானடா ஆகிய பெயர்கள் கண்ணதாசனின் சொற்களுக்குள் ஒளிந்து வருகின்றன. பெயர் வரும் இடத்தில் மெட்டும் அந்த ராகத்துக்கு மாறிவிடுகிறது. பாடத் தெரியாதவரும் நான்கு ராகங்களுக்குப் பெயர் சொல்லப் பழகியது இந்தப் பாட்டால்தான். அதே படத்தின் ‘பாட்டும் நானே’ கௌரிமனோகரி. 1975இல் வந்த கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ பெயரிலேயே இசையைச் சுமந்தது. எம்.எஸ். விசுவநாதன் இசையில் ஜேசுதாஸ் பாடிய ‘அதிசய ராகம்’, பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய நான்கே ஸ்வரங்கள் கொண்ட மகதி ராகத்தில் அமைந்து, முடிவில் பைரவிக்கு மாறுகிறது. வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது வாங்கித்தந்த ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ ராகமாலிகை. பத்து ஆண்டுகள் கழித்து அதே இயக்குநரின் ‘சிந்து பைரவி’, கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையா என்ற விவாதத்தைக் கதையாக்கியது. அதில் சித்ராவுக்கு முதல் தேசிய விருதைத் தந்த ‘பாடறியேன் படிப்பறியேன்’ நாட்டுப்பாட்டாகத் தொடங்கி, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’யில் போய்ச் சேர்கிறது. கச்சேரிகளில் காம்போதியில் பாடப்படும் அந்தக் கீர்த்தனையைச் சாரமதிக்கு மாற்றினார் இளையராஜா. ‘கலைவாணியே’ பாட்டைக் கல்யாணியின் ஆரோகண ஸ்வரங்களை மட்டும் கொண்டு, இறங்குவரிசையே இல்லாமல் அமைத்தார்.

நாதஸ்வரம் இந்தக் கல்விக்கு இன்னொரு வாசல். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்த ‘சிங்கார வேலனே தேவா’ ஆபேரி. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கு ஜானகியின் குரல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஈடுகொடுக்கும். 1968இல் ‘தில்லானா மோகனாம்பா’ளில் மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைத் திரையில் கேட்டவர்கள், உள்ளூர்க் கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் நேரத்தில் அந்தப் படத்துப் பாட்டுகளை வாசிக்கச் சொல்லி மேளக்காரர்களிடம் ஆளனுப்பினார்கள். ‘மறைந்திருந்து’ பாட்டை வாசிப்பவர் அதற்கு முன் சண்முகப்ரியாவைச் சற்று நேரம் ஆலாபனை செய்வார். பாட்டு வரப்போகிறது என்று காத்திருந்தவருக்கு ஆலாபனையும் காதில் ஏறியது. வார்த்தை வருவதற்கு முன்பே இன்ன பாட்டு என்று ஊகிப்பதும் ராகத்தை அடையாளம் காண்பதும் ஒரே வேலை என்பது பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இந்திப் பாட்டுகள் வழியே வடக்கத்திப் பெயர்களும் சேர்ந்தன. 1952இல் வந்த ‘பைஜு பாவ்ரா’வில் நௌஷாத் இசைக்கு உஸ்தாத் அமீர்கானும் டி.வி. பலுஸ்கரும் பாடினார்கள். அதில் முகமது ரஃபி பாடிய ‘மன் தட்பத்’ மால்கௌன்ஸ். தெற்கே ஹிந்தோளம் எனப்படும் அதே ஐந்து ஸ்வரங்கள். கல்யாணிக்கு யமன், மோகனத்துக்குப் பூப், ஆபேரிக்குப் பீம்பளாசி என்று இணை கண்டுபிடிப்பது பலருக்குப் பொழுதுபோக்கானது. ஸ்வரம் ஒன்றானாலும் அசைவு வேறு என்பதும் போகப்போகப் புரிந்தது. ஹிந்தோளத்தின் காந்தாரம் ஆடி அசையும் இடத்தில் மால்கௌன்ஸின் காந்தாரம் நீண்டு நின்று சறுக்கும்.

கேசட் பரவிய 1980களில் இந்த ரசனை எழுத்துக்கு வந்தது. வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் ஊர் தோறும் இருந்தன. மோகனத்துக்கு ஒரு பக்கம், கல்யாணிக்கு ஒரு பக்கம் என்று பதிந்து வாங்கியவர்கள் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் ராகத்துக்கு ஒரு தாள் ஒதுக்கிப் படம், பாட்டு, ஆண்டு என்று நிரப்பிவந்தவர்களும் உண்டு. பின்னாளில் சாருலதா மணி ஜெயா தொலைக்காட்சியில் நடத்திய ‘இசைப்பயணம்’, கீர்த்தனையையும் திரைப்பாட்டையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டி இதே பட்டியலைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பட்டியல்களில் எப்போதும் சில பாட்டுகள் இடம் கிடைக்காமல் நின்றன. திரை இசையமைப்பாளருக்கு ராக இலக்கணம் கட்டாயமில்லை. மெட்டுக்கும் காட்சிக்கும் வேண்டுமானால் அன்னிய ஸ்வரத்தைச் சேர்ப்பார். பல்லவியை ஒரு ராகத்திலும் சரணத்தை இன்னொன்றிலும் வைப்பார். எம்.எஸ். விசுவநாதனின் எத்தனையோ மெட்டுகள் எந்த ராகத்துக்குள்ளும் முழுதாக அடங்குவதில்லை. அதே கையால் அவர் ‘இருமலர்க’ளுக்காக அமைத்த ‘மாதவிப் பொன்மயிலாள்’ கரகரப்ரியாவில் ஒரு கீர்த்தனை போலவே நிற்கிறது. இது காபியா, சிந்துபைரவியா, இரண்டும் கலந்ததா என்று நடந்த வாக்குவாதங்கள் பலவும் முடிவில்லாமல் போனதற்கு மெட்டே அப்படி அமைந்திருந்ததுதான் காரணம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ராகம் உண்டு என்று நம்பித் தொடங்கியவர்கள், மெட்டு என்பது ராகத்தைவிட விரிந்தது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கச்சேரிக்குப் போன பிறகு தெரிந்தது திரைப்பாட்டின் அளவு. 78 ஆர்.பி.எம். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடிய நேரம் ஏறக்குறைய மூன்று நிமிடம். அதற்குள் முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் எல்லாம் முடிய வேண்டும். கீர்த்தனையின் அனுபல்லவி பெரும்பாலும் உதிர்ந்தது. ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் பதிலாகத் தாளமில்லாத சில வரிகள் தொகையறாவாக முன்னே வந்தன. கல்பனாஸ்வரம் இருந்தால் அதுவும் முன்கூட்டி எழுதப்பட்டதாகவே இருந்தது. மேடையில் அதே சாருகேசியை ஒருவர் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம் என்று அரை மணிக்கு மேல் விரிக்கும்போது, திரைப்பாட்டில் தெரிந்திருந்த இரண்டு மூன்று பிடிகளுக்கு இடையே எவ்வளவு இடம் இருந்தது என்பது விளங்கியது. திரையில் பழகிய காது அங்கே முதல் பிடியிலேயே ராகத்தைச் சொல்லிவிடும். அதற்கு மேல் கேட்பதற்குப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

எல்லா ராகத்துக்கும் திரை ஒரே அளவில் இடம் தரவில்லை. மோகனம், கல்யாணி, ஹிந்தோளம், சாருகேசி போன்றவை ஸ்வரங்களை அசைக்காமல் நிறுத்தினாலும் முகம் காட்டும். பியானோவோடும் வயலின் கூட்டத்தோடும் ஒத்துப்போகும். தோடி அப்படி இல்லை. அதன் காந்தாரமும் தைவதமும் அசைவிலேயே உயிர் வைத்திருக்கின்றன. கமகத்தைக் குறைத்தால் தோடி போய்விடும், முழுதாக வைத்தால் நிலையான ஸ்வரங்களில் நிற்கும் வாத்தியக் குழுவோடு உரசும். 1989இல் வந்த ‘வருஷம் 16’ படத்தின் ‘கங்கைக்கரை மன்னனடி’ போல அரிதாகச் சில பாட்டுகள்தான் அதை முழு உருவில் திரைக்குக் கொண்டுவந்தன. சினிமாப் பாட்டிலேயே ராகம் பழகியவர்கள் பலருக்குத் தோடி கடைசியாக வந்து சேர்ந்ததும், அதற்குக் கச்சேரி மேடை தேவைப்பட்டதும் இதனால்தான்.